வெங்காயத்தோல் நிறச் சுவர்

7-3-1954, ஞாயிறு

சிரம்பான் பக்கத்து ரஹாங்கில் பெண் பார்த்துவிட்டு வந்தோம். மங்கம்மா அக்கா, அத்தான், நான். கேசரி நன்றாக இருந்தது. பெண்ணும்... எழுதக் கூச்சமாக இருக்கிறது. பெயர் வள்ளிநாயகி.

பெண்ணிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் கேளுங்கள் என்று பெரியவர்கள் என்னிடம் சொன்னார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொள்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள். தலையை நிமிர்த்தி, நேராக என்னைப் பார்த்து:

“உங்க வீட்டு அடுப்பங்கரையில ஜன்னல் இருக்குங்களா?”

எனக்குத் தெரியவில்லை! கணக்கு எழுதும் சின்னக் கிராணிக்கென்று ரப்பர் தோட்டம் கொடுத்த வீட்டில் இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். சாப்பாடு தொழிலாளர் லயத்தில், அக்கா வீட்டில். என் அடுப்பங்கரையில் சைக்கிள்தான் குடித்தனம் நடத்துகிறது. “இருக்கும்” என்றேன். அக்கா தொடையில் கிள்ளினாள்.

வந்ததும் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். இல்லை. மேலே புகை போக ஒரு ஓட்டை. கீழே மூன்று கல். சுவரெல்லாம் கரி. இதில் ஒரு பெண்ணை வாழக் கூப்பிட நான் யார்?

10-3-1954

அலுவலகத்தில் கூட்டல் தப்பு. பெரிய கிராணி கண்ணாடிக்கு மேல் பார்த்தார்.

14-3-1954, ஞாயிறு

ஜபருல்லா பாய் வந்தார். துணி மூட்டையோடு பஸ்ஸில் ஊர் ஊராகப் போகிறவர். ரஹாங்கில் பாதி வீடு அவருக்குத் தெரியும். வள்ளிநாயகி வீடும் தெரியும். பாயின் அல்லா என்னைக் கைவிடவில்லை.

பாய் சொன்னதில் விஷயம் விளங்கியது. அவள் அம்மா குனிந்து குனிந்து அடுப்பு ஊதி, புகையிலேயே கண் கெட்டு, கடைசியில் தட்டுத் தடவித்தான் சமைத்தாராம். அம்மா போன பிறகு வளர்த்தது அத்தை தாயம்மா. அதனால் அவளுக்கு ஒரே பிடிவாதம்: நின்றுகொண்டு சமைக்க ஒரு மேடை, வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னல். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நகையைப் பற்றிக்கூடப் பேச்சில்லை.

அவள் அப்பா ராமசாமிக்கு அடுப்பைப் பற்றிக் கவலையில்லை, தோட்டத்தைச் சுற்றியிருக்கும் வேலிதான் கவலை. “கம்பி வேலிக்குள்ள பொண்ணக் குடுத்துட்டு நான் எப்படி பாய் தூங்குறது?” என்று கேட்டிருக்கிறார். சித்திரை பிறந்ததும் வந்து வீட்டைப் பார்ப்பார். பிறகுதான் ஆம், இல்லை எல்லாம்.

வேலியை நான் பிடுங்க முடியாது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்காக மலாயா முழுக்கப் போட்ட அவசரகாலம் முடிகிறவரை அது அங்கேதான் நிற்கும். அடுப்பங்கரையை மாற்ற முடியும். மாற்றுகிறேன்!

16-3-1954

தோட்டத்துத் துரையிடம் அனுமதி கேட்டேன். உள்ளே எந்த வர்ணம் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், வெளியே எல்லா வீட்டையும் போல வெள்ளைச் சுண்ணாம்புதான். ஜன்னலுக்கு அரை மனதாகத் தலையாட்டினார். கம்பி வைக்க வேண்டும், இருட்டியதும் சாத்திவிட வேண்டும்.

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. ஜன்னல் திறக்கப்போவது பின்பக்கம். பின்பக்கம் என்றால் வேலி. அவள் வெளிச்சம் கேட்டாள். நான் வெளிச்சத்தோடு முள்கம்பியையும் சேர்த்துக் கொடுக்கப்போகிறேன்.

21-3-1954, ஞாயிறு

முனியாண்டி கொத்தனாரோடு நாள் பூரா வாக்குவாதம். ரப்பர் பால் தொட்டி கட்டிக் கட்டி அந்த மனிதருக்கு எல்லாமே தொட்டியாகத்தான் தெரிகிறது. மேடைக்குச் சுற்றிலும் விளிம்பு எடுக்கலாம், தண்ணீர் நிற்கும் என்கிறார். சமையல் மேடையில் தண்ணீர் ஏன் ஐயா நிற்க வேண்டும்?

மேல் பாகத்துக்கு என்ன போடுவது? பலகை என்றால் ஊறிப்போகும், கரையான் வரும். வெறும் சிமெண்டு சொரசொரப்பு, மாவு பிசைந்தால் பாதி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். சிவப்புப் பூச்சுப் போட்டு வழவழப்பாக்கலாம் என்கிறார் முனியாண்டி. அது துரை பங்களா வராந்தா மாதிரி இருக்கும், காய் நறுக்க மனசு வராது.

உயரம் வேறு பிரச்சினை. பெண் எவ்வளவு உயரம் என்று முனியாண்டி கேட்டார். யோசித்தேன். அவள் வந்து தட்டு வைத்தாள், உட்கார்ந்தாள், ஜன்னல் கேட்டாள். உயரம்? கடவுளே, நான் அங்கே என்னதான் பார்த்துக்கொண்டிருந்தேன்?

கடைசியில் பாய்தான் கை கொடுத்தார். துணி அளக்கும் கஜக்கோலைத் தரையில் ஊன்றி, நம்ம மங்கம்மாவும் அந்தப் பொண்ணும் ஒரே உசரம்தான் என்று சத்தியம் செய்தார். அக்காவைக் கூப்பிட்டு நிற்க வைத்தோம். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, கதவு நிலையில் முனியாண்டி கரித்துண்டால் கோடு போட்டார். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“அடுப்பத் தூக்கி இடுப்புல வச்சிக்கிறதா? நல்லா இருக்குலா ஒங்க கூத்து.”

பிறகு கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே நின்றாள். கையை வைத்துப் பார்த்தாள். இத்தனை வருஷம் எனக்காகவும் சேர்த்துக் குனிந்து ஊதியவள். கையைத் துடைத்துக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டாள். எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது.

25-3-1954

கண்டுபிடித்துவிட்டேன்! பகாவ் பட்டணத்துக்குப் போன இடத்தில். கடையை மூடிவிட்டு மகனோடு போகிறார் ஒரு சீனத் தாத்தா. கோப்பிக் கடை மேசைகளை விற்கிறார். மேலே வெள்ளைப் பளிங்கு, வட்டமாக. தடவிப் பார்த்தேன், வெயில் நேரத்திலும் சில்லென்று இருந்தது. ஒன்று வாங்கித் தோட்டத்து லாரியில் ஏற்றிவிட்டேன்.

வட்டம் என்பதுதான் சிக்கல். வெட்டினால் உடையும் என்கிறார் முனியாண்டி. பாதியைச் சுவருக்குள் செருகிவிடலாம் என்றேன் நான். முதலில் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார். பிறகு அது தன் யோசனை என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

28-3-1954, ஞாயிறு

மேடை நின்றுவிட்டது. அடுப்புப் பக்கம் சிமெண்டு, இந்தப் பக்கம் பாதி நிலா மாதிரிப் பளிங்கு. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அதைத் தட்டி, “கோப்பி ஒண்ணு, பால் கம்மியா” என்கிறார்கள். அத்தானும் அதையே சொன்னார். முதல் தடவை சிரித்தேன்.

ஜன்னலும் வைத்தாயிற்று. திறந்தால் வேலி. வேலிக்கு அப்பால் ரப்பர் மரங்கள். கண் முதலில் போவது என்னவோ வேலிக்குத்தான்.

3-4-1954

சுவருக்கு என்ன நிறம்? மூன்று நாளாக இதே யோசனை. பச்சை வேண்டாம், வெளியே பார்க்கிற பட்டாளத்துப் பச்சை போதும். மஞ்சள் போட்டால் ஒரே மாதத்தில் மஞ்சள்பொடி சிந்தியது எது, பெயிண்ட் எது என்று தெரியாது. நீலத்துக்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை, டிஸ்பென்சரி மாதிரி இருக்குமாம்.

இதற்கு நான் யார் முடிவு சொல்ல? நிற்கப்போவது அவள். அவளிடமே கேட்டு வரச்சொல்லி பாயிடம் கெஞ்சினேன். நிச்சயம் ஆகாத பெண்ணிடம் சுவர் வர்ணம் கேட்கிற மாப்பிள்ளையை இந்த வியாபாரத்தில் பார்த்ததில்லை என்றார். ஆனாலும் போனார்.

8-4-1954

பாய் திரும்பினார். ஒரு துண்டுத் துணி, விரல் அகலம். அவள் உள்ளே போய், கத்தரித்து எடுத்துவந்து கொடுத்தாளாம். வெங்காயத்தோல் நிறம். ரோஜாவும் இல்லை, காவியும் இல்லை. சின்ன வெங்காயத்தை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் வருமே, அந்த நிறம்.

இந்தச் சுவருக்கு உலகத்தில் வேறு நிறமே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. துண்டைக் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்திருக்கிறேன். வந்துபோகிற அக்காவும் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

10-4-1954, சனி

ஐயோ, என்ன சொல்ல.

பகாவில் கடைக்காரரைப் படாதபாடு படுத்தி, துணியைப் பக்கத்தில் வைத்துப் பெயிண்ட் கலந்து வாங்கி, பெரிய டின்னைச் சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன். கேட்டில் புதிதாக வந்திருக்கும் ஸ்பெசல் கான்ஸ்டபிள். டின்னில் அடைத்த சாப்பாடு காட்டுக்காரர்களுக்குப் போய்விடக் கூடாது என்று, டின் விற்றால் உடனே ஓட்டை போட வேண்டும் என்பது சட்டம். சாப்பாட்டு டின்னுக்குத்தான். இவனுக்கு டின் என்றாலே டின்.

“டின் மெஸ்தி தெபோ”, டின் என்றால் குத்தியே தீர வேண்டும் என்று மலாயில் முணுமுணுத்தபடி துப்பாக்கிக் கத்தியால் ஒரே குத்து, அடியில்!

கத்தினேன். அவனும் பயந்துபோனான். விரலை வைத்து அடைத்துக்கொண்டு எத்தனை தூரம் போக முடியும்? கேட்டிலிருந்து கோயில் வழியாக, லயத்தைச் சுற்றி, என் வீட்டு வாசல் வரை மண் பாதையில் வெங்காயத்தோல் நிறத்தில் ஒரே கோடு. லயமே வெளியே வந்து பார்த்தது. கோபத்தில் நான் சோறு தின்னவில்லை. அவன் மட்டும் பின்னாலேயே வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவனிடம் எப்படிக் கோபப்படுவது, மீசைகூட முளைக்காத பையன்.

ஹாலுக்கும் சேர்த்து வாங்கியது. இப்போது அடுப்பங்கரைக்கு மட்டும் போதும்.

14-4-1954

வருஷப் பிறப்பு. அடித்து முடித்தேன். தலைமுடியிலும் வெங்காயத்தோல். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

18-4-1954, ஞாயிறு

காலையிலிருந்து காத்திருக்கிறேன். மத்தியானம் போய்விட்டது. நாலு மணி. வரவில்லை. மனசு மாறிவிட்டாரா? அக்கா வடை சுட்டு ஆறியும் போய்விட்டது. அத்தான் தின்று தீர்க்கிறார்.

பஸ் வழியில் நின்றால்கூட ஒரு—

வந்துவிட்டார்கள்!

19-4-1954, திங்கள்

ஆற அமர எழுதுகிறேன்.

நேற்று சாலையில் பஸ்ஸை நிறுத்தி ஒவ்வொருவராகச் சோதித்திருக்கிறார்கள். கேட் சாத்துகிற நேரத்துக்குத்தான் ராமசாமியும் தாயம்மா அத்தையும் வந்து சேர்ந்தார்கள். சின்னக் கிராணி வீடு எது என்று கேட்டதற்கு, அதே கான்ஸ்டபிள் தரையைக் காட்டினானாம். கோட்டைப் பிடித்தே இரண்டு பேரும் என் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

ஊரடங்கு. திரும்பிப் போக முடியாது. நான் எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்தது: வேலிக்குள் ராத்தங்கல். ராமசாமி கம்பியையும் விளக்கையும் பார்த்தார். என் ஜன்னலைப் பெருமையாகத் திறந்து காட்டக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

காலையில் நான் எழும்போது அடுப்பங்கரையில் சத்தம். தாயம்மா அத்தை தன்பாட்டுக்கு அடுப்பு மூட்டி, நின்றபடியே கோப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. புகை அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. ராமசாமி முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அத்தை தன் தம்பிக்குக் குரல் கொடுத்தார்.

“தம்பி, இத வந்து பாரு. முட்டி வலிக்கல, கண்ணு எரியல. நம்ம வீட்டுலயும் இதே மாதிரி கட்டணும், சொல்லிட்டேன்.”

ராமசாமி வந்தார். பளிங்கைத் தடவினார். சுவரைப் பார்த்தார், கதவு நிலையில் கரித்துண்டுக் கோடு இன்னும் அழியாமல் இருந்த இடத்தைப் பார்த்தார். யார் அளவு என்று கேட்டார். உங்கள் பெண் உயரம் தெரியாமல் அக்காவை நிறுத்தி அளந்தோம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். கோப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைப் பளிங்கின் மேல் வைத்தார்.

“வேலி என்னிக்காச்சும் போயிரும். மேடை இருக்கும்லா.”

அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் தேதி பேசத் தொடங்கிவிட்டார்கள். வைகாசியில். என் கால் தரையில் இல்லை!

16-5-1954, ஞாயிறு

கூறைச் சேலை எடுக்க அக்காவும் அத்தானும் சிரம்பான் போனார்கள். என்ன நிறம் என்று கேட்டால் அக்கா சொல்ல மறுக்கிறாள். ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாள். சைக்கிளுக்கு வெளியே கொட்டகை போட்டேன்.

7-6-1954, திங்கள்

நேற்று ரஹாங் கோயிலில் கல்யாணம். இன்று வள்ளிநாயகி வீட்டுக்கு வந்தாள்.

சேலையை மணவறையில் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். வெங்காயத்தோல் நிறம்! மாலை மறைத்ததில் சரியாகத் தெரியவில்லை. இன்று பால் காய்ச்ச அதே சேலையோடு அடுப்பங்கரைக்குள் போனாள். கொஞ்சம் பொறுத்து நான் எட்டிப் பார்த்தேன். சுவர் தெரிந்தது. சுவரில் ஒரு முகமும் இரண்டு கையும் தெரிந்தன.

அக்காவிடம் கேட்டேன். பெண் வீட்டிலிருந்து துண்டுத் துணி வந்தால் எதற்கு வரும், சேலை எடுக்கத்தானே என்று திருப்பிக் கேட்டாள். கண்ணாடிச் சட்டத்தில் செருகியிருந்ததில் பாதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு சிரம்பான் முழுக்க அலைந்திருக்கிறாள். துணியை அனுப்பிச் சுவருக்கு வர்ணம் சொல்வார்கள் என்று அவள் கண்டாளா, சேலைத் துண்டைப் பார்த்து நானாகத்தான் சுவருக்கும் அதே நிறம் அடித்தேன் என்று நினைத்திருக்கிறாள். அவள் முகம் வாடிப்போனது.

வள்ளிநாயகி சிரித்தாள். பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் சிரித்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இதைவிட நல்ல சேலை தானே போயிருந்தாலும் எடுத்திருக்க முடியாது என்றாள். அக்காவைக் கூட்டிப்போய் மேடை முன்னால் நிறுத்தி, முதல் டம்ளர் பாலை அவளுக்குக் கொடுத்தாள். அக்கா நின்றபடியே குடித்தாள்.

எல்லோரும் போன பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

“பொண்ணு பாக்க வந்தப்ப நான் என்ன கலர் சேலை கட்டியிருந்தேன்?”

எனக்குத் தெரியவில்லை. மறுபடியும்!

வெங்காயத்தோல் நிறம்தான் என்று அவளே சொன்னாள். துண்டு, அந்தச் சேலையின் ரவிக்கைக்கு எடுத்ததில் மிச்சமாம். துணியைப் பார்த்ததும் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்தாளாம். என்ன செய்வது, ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டபோது நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன், அப்புறம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை என்றேன். அது பொய்யில்லை. அவள் குனிந்துகொண்டாள். இந்த வீட்டில் முதல்முறையாகக் குனிந்தது அதற்குத்தான்.

பிறகு ஜன்னலைத் திறந்தாள். வேலியை நன்றாகப் பார்த்தாள். அதில் துணி காயப் போடலாமா என்று கேட்டாள். கூடாது, பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றேன்.

“அப்ப இந்தப் பக்கம் ஒரு கொடி கட்டிக் குடுங்க.”

8-6-1954

கொடி கட்டியாயிற்று. கூறைச் சேலையைக் காற்றாடப் போட்டிருக்கிறாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் வேலி தெரியவில்லை.