ரேடியேட்டரைத் தொடாதீர்கள்

நவம்பர் 6, வியாழன்

ஊரில் பாதிப்பேர் இருமி முடித்த பிறகு, இன்றைக்குத்தான் அறையைச் சூடாக்கும் ஜன்னலடி இரும்பு ரேடியேட்டர்களில் வெந்நீர் விட்டார்கள். என் பொறுப்பிலிருக்கும் மின் ஆய்வகத்தில், விறைத்திருந்த விரல்கள் இப்போதுதான் மடங்குகின்றன.

மத்தியானம் எட்டாம் மேசையில், மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் தகர உறையைத் தொட்டேன். சுருக்கென்றது. கூட வேலை பார்க்கும் ஜிர்கல் சிரித்தான். "கம்பளிச் சட்டை போட்டா அப்படித்தான் பொறி தட்டும். நீ நிழலப் பாத்தாலே அலறுற ஆளு." இருக்கலாம். நான் பயந்தாங்கொள்ளி என்பது இந்தக் கல்லூரிக்கே தெரியும்.

நவம்பர் 7

பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். இன்றும் சுருக்.

நவம்பர் 10, திங்கள்

எழுத்து கோணுகிறது. வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

காலையில் டெஸ்டரை எடுத்து ஒவ்வொரு மேசையாக வைத்துப் பார்த்தேன். எல்லா உறையிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு, எதற்கும் பார்ப்போமே என்று ரேடியேட்டரில் வைத்தேன். அதிலும் எரிந்தது!

இந்தக் கட்டடத்தில் எர்த் கிடையாது. முப்பது வருஷத்துக்கு முன் யாரோ எட்டு மேசைகளின் எர்த் கம்பியையும் ரேடியேட்டரில் முறுக்கி விட்டார்கள். எங்கள் பிஷ்கெக் நகரத்தில் பழைய கட்டடம் பாதியில் இப்படித்தான். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போகிறது, அது போதும் என்பார்கள். போதுமாகத்தான் இருந்தது.

கீழ்த்தளத்தை ஒரு தையல்கூடத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். இறங்கிப் போய்ப் பார்த்தேன். அக்டோபரில் அவர்கள் செய்த மராமத்தில் பழைய இரும்புக் குழாயை அறுத்து எடுத்துவிட்டு, வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிக் குழாய் போட்டிருக்கிறார்கள். தையல்கூடத்துப் பெண் பெருமையாகத் தட்டிக் காட்டினாள். "எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்கக்கா! துருவே பிடிக்காதாம். டீ குடிச்சிட்டுப் போங்க." டீயை வாங்கினேன், குடிக்க முடியவில்லை.

மண்ணுக்குப் போகும் வழியே இல்லை. கசிகிற மின்சாரமெல்லாம் எங்கள் இரும்பிலேயே நிற்கிறது. இப்போதைக்குச் சுருக்கென்பதோடு போகிறது. நாளைக்கு ஏதோ ஒரு கருவி உள்ளே பழுதானால் இருநூற்று இருபது வோல்ட்டும் அத்தனை ரேடியேட்டரிலும் ஏறும். பனியில் நனைந்து வருகிற பிள்ளைகள் முதலில் கை வைக்கும் இடம் அதுதான்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். பாதுகாப்புப் பதிவேட்டில் செப்டம்பர் ஒன்றாம் தேதி "எர்த் அளந்து பார்க்கப்பட்டது, சரி" என்று கையெழுத்துப் போட்டவள் நான். அளக்கவில்லை. அளக்கும் கருவியில் வசந்தத்திலிருந்தே பேட்டரி இல்லை. போன வருஷத்து எண்ணைப் பார்த்து எழுதினேன். போன வருஷத்து எண்ணும் அதற்கு முந்தைய வருஷத்தைப் பார்த்து நான் எழுதியதுதான்.

நவம்பர் 11

துறைத்தலைவர் தலாய்பெக் அண்ணனிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "பதிவேட்டுல கையெழுத்து யாரோடது?" "என்னோடதுண்ணே." "அப்புறம் எதுக்கு ஊரக் கூட்டுற? திங்கக்கிழமை செய்முறைத் தேர்வு, வெளியாளுங்க வர்றாங்க. தொடாதேன்னு ஒரு அட்டை எழுதி ஒட்டு. தேர்வு முடியட்டும், பாத்துக்கலாம்."

ஒட்டினேன். சிவப்பு மையில், பெரிய எழுத்தில். சிறைக்குப் போவேனோ என்று எனக்குப் பயம் வந்தது, நிஜம். பிள்ளைகளைவிட என்னை நினைத்துத்தான் முதலில் பயந்தேன். த்தூ.

நவம்பர் 13

முழங்கால் வரை பனி. அந்த அட்டையின் மேலேயே ஈரக் கையுறைகளைக் காயப்போட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

ஐயோ, இன்றைக்கு நடந்தது.

திங்கள் தேர்வுக்காகக் கிடங்கிலிருந்து பழைய மின்வழங்கி ஒன்றைத் தூக்கிவந்து நாலாம் மேசையில் வைத்துவிட்டு, பிளக்கைச் செருகுமுன் திரும்புகிறேன், பின்னால் ஒரே கும்மாளம். மாணவன் எர்போல் மூலையில் கை கழுவப் போனவன், ஒரு கை ரேடியேட்டரில், ஒரு கை இன்னும் இரும்பாகவே மண்ணுக்குள் போகிற தண்ணீர்க் குழாயில். "அக்கா! சுவரு கடிக்குதுக்கா!" என்று சிரிக்கிறான். அதற்குள் மற்றதுகள் "எனக்கு எனக்கு" என்று ஓடிவந்து கைகோத்துக்கொண்டன. ஏழு பேர் சங்கிலி. ஒரு முனை ரேடியேட்டரைத் தொட்டால் மறுமுனை குழாயைத் தொட வேண்டுமாம், யாருக்கு எவ்வளவு கடிக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்! கடைசியில் நின்ற சின்னப்பெண் ஆய்பிகே கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

நான் கத்திய கத்தலில் கீழ்த்தளத்துத் தையல் மெஷின்களே நின்றுவிட்டன. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். இருட்டில் யாரோ, "அக்காவுக்குப் பேய் பிடிச்சிருச்சு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சுவிட்சை யாரும் ஏற்றாதபடி அதன் கீழேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நிமிஷம் ஏதாவது ஒரு கருவி பழுதாகியிருந்தால்? ஏழு பேர். கைகோத்துக்கொண்டு. அவர்களுடைய அம்மாக்களிடம் நான் என்னத்தைச் சொல்வேன்? எண் மட்டும் சரியாகத்தான் எழுதியிருந்தது என்றா?

நவம்பர் 17, திங்கள்

ஏழு மணிக்கே போய் ஆய்வகத்தின் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பதிவேட்டில், என் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: "நான் அளக்கவில்லை. இரண்டு வருஷமாக அளக்கவில்லை. பொய் எழுதினேன். இந்த அறையில் யாரும் வேலை செய்யக்கூடாது." அதைத் திறந்தபடியே கொண்டுபோய் முதல்வர் மேசையில் வைத்தேன்.

தலாய்பெக் அண்ணன் நடைவழியில் வைத்தே கத்தினார். "நீயும் கெட்டு எங்களையும் கெடுத்துட்டியே! கட்டைய எடு!" கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். கொடுக்கவில்லை. தேர்வு நின்றது. வெளியாட்கள் திரும்பிப் போனார்கள். ஜிர்கல் என்னைப் பார்க்காமலே போனான்.

நவம்பர் 20

முதல்வர் வெளியிலிருந்து ஒரு மின்பணியாளரை வரவழைத்தார், குபத் என்று ஒரு பெரியவர். அவருக்கு மட்டும் கட்டைகளைக் கொடுத்தேன். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கருவிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ரேடியேட்டருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே அளந்தார். நூற்றுப் பத்து. நூற்றுப் பத்து. நாலாம் மேசையில், அன்றைக்கு நான் செருகாமல் விட்ட அந்தப் பழைய மின்வழங்கியைப் போட்டதும் முள் ஒரே தாவு. இருநூற்றுப் பதினெட்டு.

அணைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். "இங்க யாராவது செத்தாங்களா தங்கச்சி?"

"இல்லண்ணே."

"எப்படி?"

தலாய்பெக் அண்ணன் ஜன்னலடி ரேடியேட்டர் பக்கமிருந்து மெல்ல நகர்ந்து அறை நடுவில் வந்து நின்றார்.

நவம்பர் 28

பொய் எழுதியதற்குக் கண்டனக் கடிதம் வந்தது. ஆய்வகப் பொறுப்பு ஜிர்கலுக்கு. எனக்குக் கிடங்கு. வாதாடவில்லை, எழுதியிருப்பது உண்மை.

டிசம்பர் 19, வெள்ளி

முற்றத்தில் எர்த் குழி தோண்டப் பனியில் உறைந்த மண் இளக வேண்டுமாம், வசந்தம் வரை ஆகும். அதனால் தேர்வை ஊரின் மறுகோடியிலிருக்கும் இன்னொரு கல்லூரியில், விடுமுறைக்கு முந்தைய நாளில் வைத்தார்கள். கருவிப் பெட்டிகளோடு என்னையும் அனுப்பினார்கள். மினிபஸ்ஸில் பத்தொன்பது பிள்ளைகள், நிற்கக்கூட இடமில்லை.

வழியெல்லாம் எனக்குத்தான் திட்டு. நான் முன்சீட்டில் இருப்பது தெரிந்தேதான். "அந்தக்கா பயந்ததுக்கு நாம சாகணும், இந்தப் பனியில." "லேசா கடிச்சதுக்கே இந்த ஆர்ப்பாட்டம்!" எர்போல் என்னைப் போலவே கத்திக் காட்டினான். நன்றாகவே செய்தான், ஆய்பிகே சிரித்துச் சிரித்து விக்கினாள்.

நான் திரும்பவில்லை. ஓட்டுநரின் கண்ணாடியில் ஒவ்வொரு தலையாக எண்ணினேன். பத்தொன்பது. சந்தேகமாக இருந்தது, மறுபடியும் எண்ணினேன்.