அக்காவின் பெயரை எழுதுவதா

3, திங்கள்
காலையிலிருந்து தூறல். லீவு. உடுப்பு காயவில்லை.
முல்லைத்தீவிலிருந்து அக்கா போன் எடுத்தாள். அரச அலுவலர்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்களாம். அத்தானுக்கு இறப்புச் சான்றிதழ் தருவார்களாம், அவள் ஒப்பம் வைத்தால் போதுமாம். போர் முடிந்த அன்று அவளே கூட்டிப்போய் இராணுவத்திடம் ஒப்படைத்த மனிதர். பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவள். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.
"ஏன் இப்ப திடீரெண்டு?"
"காணாமல் போன ஆக்களைப் பற்றி ஜெனீவா மனித உரிமைக் கூட்டத்தில கேள்வி வருதாம். கடன் குடுக்கிற நாடுகளும் கேக்குதாம். அதுக்குள்ள பைலை மூடோணுமாம்."
"நீ என்ன செய்தனீ?"
"ஒப்பம் வைக்கேல்லை."

5, புதன்
பென்டில் ஹில் கடை. மீன், கறிவேப்பிலை. தேங்காய்ப்பால் மறந்துவிட்டது.
அக்காவின் மெசேஜ்: அடுத்த புதன் வெளிநாட்டுத் தூதுவர்கள் அங்கே வருகிறார்கள். நான் இருக்கும் ஆஸ்திரேலியாவின் தூதுவரும். அவர்களைச் சந்திக்கும் குடும்பங்களின் பட்டியலில் அவள் இல்லை. பட்டியல் போட்டது அரசாங்கம்.
இங்குள்ள எம்பி அலுவலகத்துக்குப் போனேன். உதவியாளர் பெண் தண்ணீர் தந்தாள். அகதிப் படகுகளைத் தடுப்பதில் இலங்கை அரசு நன்றாக ஒத்துழைக்கிறது, அதனால் எங்கள் தூதரக ஆட்கள் அளந்துதான் பேசுவார்கள் என்றாள். நானும் படகில் வந்தவள். தண்ணீரைக் குடித்து முடித்தேன்.
எழுதித் தந்தால் தூதரகத்துக்கு அனுப்புவாளாம். அக்காவின் பெயர் வேண்டுமாம். பெயரில்லாத கடிதத்தை யாரும் பார்ப்பதில்லையாம்.

6, வியாழன்
முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிப்ட். இடுப்பு வலி.
நான் எழுதிவைத்த கடிதத்தை என் கணவர் பார்த்துவிட்டார். "பேர் போடாதை. நாங்கள் இஞ்ச இருந்து எழுத, அடி விழுறது அவவுக்கு."
சரிதான். அக்காவின் பெயரை "ஒரு பெண்" என்று மாற்றினேன். வாசித்தால் யாரோ போல இருக்கிறது. அனுப்பவில்லை.

13, வியாழன்
புழுதிக் காற்று. மதிய இடைவேளையில் அக்கா எடுத்தாள்.
நேற்று சந்திப்பு நடந்த மண்டப வாசலில் அத்தானின் படத்தோடு நின்றிருக்கிறாள். தூதுவர்களின் வாகனங்கள் நிற்கவில்லை. கடைசி வாகனத்தில் ஒரு பெண் மட்டும் கண்ணாடியை இறக்கி, படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏற்றினாளாம். என் கடிதம் போயிருந்தால் அவளுக்கு இது யாரென்று தெரிந்திருக்கும்.
நேற்றுப் பின்னேரமே சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இருவர் அவள் வீட்டுக்கு.
"வெளிநாட்டில ஆரோட கதைக்கிறனீ?"
"தங்கச்சியோட."
என் பெயரையும் எழுதிக்கொண்டு போனார்களாம்.
பிறகு இல்லத்தில் ஒரு பாட்டிக்கு ஊட்டிய சூப் மேசையில் சிந்திவிட்டது.

14, வெள்ளி
நித்திரையே இல்லை. இனி எதுவும் எழுதப்போவதில்லை என்று சொல்ல அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவள் விடவில்லை.
"என்ர பேரைப் போடு. அவங்களிட்ட அது எப்பவோ கிடக்கு. வெளியில இருக்கிறவைக்குத்தான் தெரியாது. நாளைக்கு எனக்கு ஒண்டெண்டால் ஆரைத் தேடுறதெண்டு அவைக்குத் தெரியோணும்."
"பயமில்லையோ?"
"பயம்தான். போடு."
கடிதத்தில் அக்காவின் முழுப்பெயர், ஊர், அத்தானின் பெயர், ஒப்படைத்த இடம். 3.20க்கு எம்பி அலுவலகப் பெண்ணுக்கு அனுப்பினேன்.
இவரிடம் இன்னும் சொல்லவில்லை.