விதைப்புக்குப் பிறகு மழை

அன்புள்ள அப்பாவுக்கு,

பானு எழுதுவது. நான் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்ததா? பரளச்சிக் காட்டில் மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்தாயிற்றா?

போன மாதம் இங்கே எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பிரபஞ்சம் பிறந்த புதிதில் இடம் எப்படி இருந்திருக்கும் என்பதுதானே என் கணக்கு. அதில், பள்ளிக்கூட வாய்ப்பாடு போலில்லாமல், கிழக்கே இவ்வளவு, வடக்கே இவ்வளவு என்ற இரண்டு அளவுகளில் எதை முதலில் வைத்துப் பெருக்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒரே ஒரு வரியில் அவற்றை முன்பின்னாக எழுதிவிட்டேன். ஆறு மாத வேலை வீண். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பேராசிரியர் அதைச் சுட்டிக்காட்டினார்.

"எங்கள் ஊரில் விதைத்த பிறகு மழை பெய்தால் ஒரு வெள்ளாமை, மழைக்குப் பிறகு விதைத்தால் வேறு வெள்ளாமை. அது தெரிந்தும் தவறிவிட்டேன்" என்று சிரித்தேன். கூடச் சிரிக்க யாருமில்லை.

அன்று உங்களுக்குத்தான் போன் போட்டேன். அம்மா எடுத்து, "அவுக காட்டுல நிக்காக" என்றாள். நேற்றுத்தான் தம்பி உண்மையைச் சொன்னான். அன்று நீங்கள் நெஞ்சுவலியோடு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து பதினைந்து நாளாகியும் எனக்குச் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் மதுரை நண்பரிடம் கொஞ்சம் கருப்பட்டி கொடுத்தனுப்புங்கள். உங்கள் பழைய துண்டு ஒன்றும் வேண்டும். துவைக்க வேண்டாம்.

அவர் பெட்டியைப் பூட்டக் காத்திருக்கிறார். அப்பா, இனி உடம்புக்கு ஏதாவது வந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள், பிறகு குணமாகுங்கள். இந்த இரண்டையும் முன்பின்னாக மாற்றிவிடாதீர்கள்.

பானுப்பிரியா