என் கைத் தழும்புகளும் சத்துணவுக் கூட வேலையும்

அனுப்புநர்
திருமதி ரா. தமயந்தி,
க/பெ. ராஜாங்கம் (காலமானார்),
ஓடைத் தெரு, மந்தாரக்குப்பம்,
நெய்வேலி, கடலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: தோல் அரிப்பைக் காரணம் காட்டி, எழுத்துப்பூர்வமான ஆணை இன்றி, சத்துணவு சமையல் உதவியாளர் வேலையிலிருந்து என்னை நிறுத்தியது – மீண்டும் பணியில் சேர்க்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவை முதலில் தாங்கள் மட்டும் படிக்க வேண்டுகிறேன். குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்தால் பலர் முன்னிலையில் வாசிக்கப்படுமோ என்று அஞ்சித் தபாலில் அனுப்புகிறேன்.

என் கணவர் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். நீண்ட நாள் காய்ச்சலில் கிடந்து இறந்தார். அதன்பின் எங்கள் தெருவை அடுத்துள்ள தொடக்கப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் கிடைத்த வேலைதான் எனக்கும் என் மகள் நித்யாவுக்கும் ஆதாரமாக இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கைகளிலும் கால்களிலும் கொசு கடித்ததைப் போலச் சிறு சிறு தடிப்புகள் தோன்றின. அடுப்பனலில் வியர்த்தால் அரிப்பு தாங்க முடியாது. சொறிந்த இடம் புண்ணாகி, ஆறினால் கறுத்த தழும்பாக நிற்கும். நிலக்கரித் தூசி என்றார்கள் சிலர். மருந்துக் கடையில் சிரங்கு என்றார்கள். களிம்பு பூசி, துணிமணி எல்லாவற்றையும் கொதிநீரில் அலசியும் பயனில்லை. கடைசியில் தோல் மருத்துவர் ஒருவர் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். எனக்கு எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் தெரிந்தது. நித்யாவுக்கும் பரிசோதித்தோம், அவளுக்கு இல்லை.

அந்த மருத்துவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இது சிரங்கு இல்லம்மா, எச்.ஐ.வி.யால வர்ற அரிப்பு. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது. நீங்க சமைக்கிறதாலயும் யாருக்கும் எதுவும் வராது. புண்ணு இருந்தா மூடி வச்சிக்குங்க. மாத்திரைய விடாம சாப்புடுங்க, அரிப்பு மெதுவாத்தான் அடங்கும்.”

மெதுவாகத்தான் அடங்கியது. அதுவரை என் கணவரின் முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். ஒரு நாள் சாம்பார் ஊற்றும்போது சட்டைக் கை மேலேறிவிட்டது. ஒரு மாணவனின் தாயார் பார்த்துவிட்டார். “சொறி புடிச்ச கையால புள்ளைங்களுக்கு சோறு போட்டுகினு இருக்காங்க, நீங்க பாத்துகினு இருக்கீங்களே டீச்சர்?” என்று தலைமை ஆசிரியை திருமதி மெர்லின் அவர்களிடம் சண்டையிட்டார்.

தலைமை ஆசிரியை என்னைத் தனியே அழைத்து விசாரித்தார். என்னிடம் எப்போதும் அன்பாக இருந்தவர். ஆகையால் உண்மையைச் சொன்னேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். மறுநாள் பெற்றோர் கூடி நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டபோது, சிரங்கு இல்லை என்று எனக்காக வாதாடப் போய், அவரே அதைச் சொல்லிவிட்டார்.

அதன்பின் பிள்ளைகள் தட்டை நீட்டவில்லை. சமையலர் மார்த்தாள் அக்கா மட்டும், “அவ நறுக்கித் தர்ற காயத்தான் நானும் தின்னுகினு இருக்கேன், எனக்கு என்னா ஆச்சு?” என்று கேட்டார். அன்று மாலை, “கொஞ்ச நாளைக்கு வராதீங்க தமயந்தி” என்றார் தலைமை ஆசிரியை. மாதங்கள் ஓடிவிட்டன, இன்னும் அழைப்பு வரவில்லை. கூடப் படிப்பவர்களின் பேச்சுத் தாளாமல் நித்யா இப்போது காடாம்புலியூரில் என் தங்கை வீட்டிலிருந்து படிக்கிறாள்.

தலைமை ஆசிரியை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். “உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சித்தாங்க சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது” என்று அழுதார். நான் கொடுத்த காபியைத் தயங்காமல் குடித்தார். என் வீட்டில் காபி குடிக்க அஞ்சாதவராலும் பள்ளியில் என்னை வைத்துக்கொள்ள முடியவில்லையே என்பதுதான், ஐயா, எனக்கு அன்று மிகவும் வருத்தமாக இருந்தது. அவர் மீது நடவடிக்கை எதுவும் நான் கோரவில்லை.

எச்.ஐ.வி. உள்ளவரை அந்தக் காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது, அவர் சம்மதமின்றி அதை வெளியில் சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதைச் நான் மாத்திரை வாங்கும் சிகிச்சை மையத்தின் ஆலோசகர் சொல்லி அறிந்தேன். சொல்லிப் பரவியதை இனி யாராலும் திரும்பப் பெற முடியாது. வேலையையாவது திரும்பத் தர ஆவன செய்ய வேண்டுகிறேன். ஒரு மருத்துவரை அனுப்பி, இந்த அரிப்பு ஒட்டாது என்பதைப் பெற்றோருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லவும் வேண்டுகிறேன்.

இப்போது தடிப்புகள் அநேகமாக அடங்கிவிட்டன. “கைதான் சரியாயிடுச்சே, போய் கேளு” என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். கை சரியானதற்காக என்னைச் சேர்க்க வேண்டாம், ஐயா. தடிப்போடு இருந்தபோதும் நான் ஆக்கிய சோற்றால் எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் இல்லை என்று சொல்லிச் சேர்க்கும்படி தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மந்தாரக்குப்பம்
நாள்: 17.06.2019

தங்கள் உண்மையுள்ள,
ரா. தமயந்தி