மொட்டை அடித்த பிள்ளையை விமானத்தில் ஏற்றாதது பற்றி

அனுப்புநர்:
ஆ. கோவர்த்தனன்,
த/பெ. ஆதிநாராயணன்,
ஏரிக்கீழ்த் தெரு, நகரி மண்டலம்,
சித்தூர் மாவட்டம், ஆந்திரப் பிரதேசம்.

பெறுநர்:
பயணிகள் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
சுபயாத்ரா ஏர்லைன்ஸ்,
தென்மண்டல அலுவலகம், சென்னை.

பொருள்: 19.06.2025 அன்று திருப்பதியிலிருந்து ஹைதராபாத் செல்லவிருந்த என்னையும் என் மகன் ஸ்ரீஹரியையும் (வயது ஒன்றே முக்கால்) விமானத்தில் ஏற்றாமல் நிறுத்தியது – அது குறித்து எழுதப்பட்ட அறிக்கையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் தெலுங்கில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக நான் அனுப்பிய மனுக்கள், அவற்றுக்கு உங்கள் கம்ப்யூட்டர் தெரிவித்த வருத்தம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் சுமை ஆட்டோ ஓட்டுகிறேன். மாங்காய்க் காலத்தில் பங்காருபாளையம் மண்டிக்கு லோடு போவேன். என் மனைவி காவ்யா குவைத்தில் ஒரு வீட்டில் வயதான அம்மாள் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். பிள்ளைக்கு எட்டு மாதம் இருக்கும்போது போனவள். அன்றிலிருந்து அவனை வளர்ப்பது என் அக்கா சந்திரம்மா. முந்தைய இரண்டு மனுக்களையும் பிறரை வைத்து எழுதினேன். அவற்றுக்குப் பதிலாக, அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி என்று ஒரு கூப்பன் வந்தது. எங்களுக்கு அடுத்த பயணம் என்று ஒன்று இல்லை ஐயா. ஆகவே இந்த முறை எனக்குத் தெரிந்த தமிழில் நானே எழுதுகிறேன். உங்கள் அலுவலகம் சென்னையில் இருப்பதால் படிக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

2. கடந்த ஜூன் மாதம் அந்த அம்மாளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சைக்காக அவர்கள் குடும்பம் ஹைதராபாத் வந்தது. துணைக்குக் காவ்யாவையும் அழைத்து வந்தார்கள். ஊருக்கு வந்து போக விடவில்லை. திரும்பும் நாளன்று மாலை மட்டும், ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். அன்றிரவே அவர்களுக்கு குவைத் விமானம். எங்கள் பிள்ளை பஸ்ஸில் ஏறினால் புத்தூர் தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பான். "ராத்திரி பூரா பஸ்ல இட்டுனு வந்தா துவண்டு பூடுவான், பிளேன்லயே வாங்க" என்று சொல்லி, காவ்யாவே தெரிந்தவர் மூலம் டிக்கெட் எடுத்து அனுப்பினாள். எனக்கும் அது முதல் விமானம், அவனுக்கும் முதல் விமானம். காது அடைக்காமல் இருக்க வாயில் எதையாவது சப்பக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கேழ்வரகுக் கஞ்சி ஒரு பாட்டிலும் கற்கண்டும் எடுத்து வைத்திருந்தேன்.

3. இனி எழுதப்போவது எங்கள் குடும்பத்துப் புத்தி. நீங்கள் சிரித்தாலும் சரி. எங்கள் வீட்டில் பிறந்த முடி திருமலைக்குத்தான். அதுவரை கத்திரிக்கோல் படக் கூடாது. எனவே பிள்ளைக்கு முடி தோள் வரை வளர்ந்திருந்தது. அக்கா அதை இரட்டைச் சடையாகப் பின்னி, கனகாம்பரம் வைத்து, பொட்டும் இட்டு அழகு பார்ப்பாள். ஆதார் முகாம் வந்தபோதும் அந்தக் கோலத்திலேயே போட்டோ எடுத்துவிட்டார்கள். பயணத்துக்கு முந்தைய நாள் அக்கா ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டாள்: "சாமி கடன வெச்சிக்கினு அவரு மலையத் தாண்டி ஆகாசத்துல பறக்கறதா? நல்லாயிருக்குதே! முடிய எறக்கிட்டு அப்பறம் ஏறு." எனக்கும் பயம். விமானம் எந்தப் பக்கமாகப் போகும் என்று யாருக்குத் தெரியும்? மறுநாள் விடியற்காலையில் மலைக்குப் போய் முடி இறக்கி, தலைக்குச் சந்தனம் தடவி, நேராக ரேணிகுண்டா விமான நிலையத்துக்கு வந்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் காவ்யாவின் போன் அணைந்தே இருந்ததால் அவளிடம் சொல்ல முடியவில்லை.

4. கவுண்டரில் இருந்த தங்கள் ஊழியர் செல்வி ரக்ஷிதா ஆதாரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். அட்டையில் எழுத்து ஆண் என்றது, படம் பெண் என்றது, என் தோளில் இருந்ததோ சந்தனம் பூசிய மொட்டை. அந்த வரிசையில் பாதிப் பேர் மொட்டைதான் ஐயா. திருப்பதியில் மொட்டையைப் பார்த்துச் சந்தேகப்படுவது உப்பளத்தில் உப்பைப் பார்த்துச் சந்தேகப்படுவது மாதிரி. ஆனாலும் அந்தப் பெண் மரியாதையாகவே நடந்துகொண்டார். பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, என்னைக் காட்டி, இவர் யார் என்று தெலுங்கில் கேட்டார். பிள்ளை "மாமா" என்றான்.

5. அக்காவின் பிள்ளைகள் என்னை மாமா என்பார்கள். அவர்களோடு வளர்கிறவன் வேறு எப்படிக் கூப்பிடுவான்? எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். "நைனா சொல்லு, நைனா சொல்லு" என்று நானும் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வாய் வரவில்லை. அடுத்து, அம்மா எங்கே என்று கேட்டார். பிள்ளை கண்ணாடிக்கு வெளியே வழியனுப்ப நின்றிருந்த அக்காவைக் கை நீட்டிக் காட்டினான். நானோ தாய் ஹைதராபாத்தில் இருக்கிறாள் என்று சொல்லி முடித்திருந்தேன்.

6. மேற்பார்வையாளர் திரு. கிரண்குமார் வந்தார். முடி இறக்கும்போது ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே என்றார். துள்ளுகிற பிள்ளையின் தலையைப் பிடிப்பதற்கே என் இரண்டு கையும் போதவில்லை, எங்கே போட்டோ எடுப்பது? என் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். எல்லாம் சடை, பூ, பொட்டு. அக்காவை விசாரிக்க ஆள் போனது. போலீஸ் என்றதும் அவள் பதறிவிட்டாள். காவ்யா பெயரைச் சொல்ல வேண்டியவள், "எம்புள்ளதான் சார், சத்தியமா எம்புள்ளதான், உட்டுடுங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடும் காலத்தில் திரு. கிரண்குமார் சந்தேகப்பட்டதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னை ஏற்றியிருக்க மாட்டேன்.

7. கடைசியில் தாயிடம் வீடியோவில் பேசி உறுதி செய்யலாம் என்றார்கள். திரும்பத் திரும்ப அழைத்த பிறகு காவ்யா எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டு, போனைப் பிள்ளையின் முகத்துக்கு நேராக நீட்டினார்கள். பிள்ளை மிரண்டு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவளுக்குத் தெரிந்தது மொட்டைத் தலையின் பின்பக்கமும் சந்தனமும். அவள் "யாரு கொயந்த இது? நம்ம கொயந்த எங்க?" என்று கேட்டாள்.

அதைக் கேட்டதும் திரு. கிரண்குமார் எழுதப் போய்விட்டார்.

8. அதன் பிறகு எங்களை ஓர் ஓரமாக உட்கார வைத்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கண்ணாடி வழியாக விமானம் நகர்வது தெரிந்தது. பிள்ளை அதை "பஸ்ஸு, பஸ்ஸு" என்று காட்டி, சந்தோஷமாகக் கையாட்டி டாட்டா சொன்னான். அம்மாவைப் பார்க்கத் தன்னைக் கூட்டிப் போக வேண்டிய வண்டிக்கு அவனே டாட்டா சொல்கிறானே என்று எனக்கு அடக்க முடியாத அழுகை வந்துவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். எங்கள் ஊர்ச் செயலாளர் போனில் சாட்சி சொன்ன பிறகு மாலையில் எங்களை அனுப்பினார்கள். பஸ்ஸில் போய்ச் சேர நேரமில்லை. காவ்யா ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டு, அன்றிரவே குவைத் போய்விட்டாள். அடுத்த விடுமுறைக்கு இன்னும் இரண்டு வருடம் ஆகும்.

9. டிக்கெட் பணம் திரும்ப வந்துவிட்டது. அதுபற்றிப் புகார் இல்லை. தங்கள் ஊழியர்கள் யார் மீதும் நடவடிக்கை கேட்கவில்லை. என் புகார் தங்கள் அறிக்கையில் உள்ள ஒரே வரி பற்றியது. "வீடியோ அழைப்பில் தாயால் குழந்தையை அடையாளம் காண இயலவில்லை" என்று அதில் இருக்கிறது. டிக்கெட் காவ்யாவின் இமெயிலில் எடுத்ததால் அந்த அறிக்கை நேராக அவளுக்கே போய்விட்டது. ஆங்கிலம் தெரிந்த தோழியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

10. அன்றிலிருந்து அவள் வீடியோவில் வருவதில்லை. குரல் மட்டும்தான். பிள்ளையைக் காட்டுகிறேன் என்றால், "பெத்த புள்ளய யாருன்னு கேட்டவ எந்த மூஞ்சிய வெச்சிக்கினு பாக்கறது" என்று வைத்துவிடுகிறாள். பிள்ளை துன்னானா, தூங்கினானா என்று மட்டும் கேட்கிறாள். அவன் தலையில் இப்போது முடி குத்துக்குத்தாக முளைத்திருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அவள் வந்து இறங்கும்போது, இந்தப் பக்கத்திலிருந்தும் யாருக்கு யாரை அடையாளம் தெரியப்போகிறது?

11. அறிக்கையில் எழுதியது பொய் இல்லை. அவள் அப்படித்தான் கேட்டாள். எனவே அந்த வரியை அடிக்கச் சொன்னால் விதி இடம் கொடுக்காது என்பீர்கள். நான் அடிக்கச் சொல்லவில்லை. திரு. கிரண்குமார் எழுதப் போன பிறகும் அழைப்பு துண்டிக்கப்படவில்லை. பிள்ளை என் கழுத்திலிருந்து தலையைத் தூக்கிப் பக்கவாட்டில் திரும்பினான். முடி இல்லாததால் அவன் காது முழுதாகத் தெரிந்தது. காவ்யாவின் குரல் அப்படியே மாறிவிட்டது. "ஐயோ, எங்கண்ணே! மொட்ட அடிச்சிட்டீங்களா? எங்க நைனா காது அப்படியே கீதே!" என்று கத்தினாள். அவள் அப்பாவின் காதாம்; நானே அதுவரை கவனிக்காத காது அது. பக்கத்தில் நின்ற செல்வி ரக்ஷிதா அதைக் காதால் கேட்டார், ஆனால் அதற்குள் எங்களை ஏற்றுவதில்லை என்று முடிவாகிவிட்டது. அவரை விசாரித்தால் சொல்வார். வேலைக்குப் பங்கம் வரும் என்று அவர் பயந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

12. ஆகவே ஐயா அவர்களைப் பணிவுடன் வேண்டுவது: அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அடியில், "சற்று நேரத்தில் தாய் தன் குழந்தையைக் காதை வைத்து அடையாளம் கண்டுகொண்டார்" என்று இன்னொரு வரி சேர்த்து, முத்திரை வைத்து, அறிக்கையை மறுபடி அதே இமெயிலுக்கு அனுப்ப வேண்டும். நீதான் காதைப் பார்த்தே கண்டுகொண்டாயே, அதுதான் பெரிது என்று அவளிடம் நான் நூறு தடவை சொல்லிவிட்டேன். புருஷன் ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைக்கிறாள். கம்பெனி எழுதினால்தான் அவள் நம்புவாள்.

இந்த மனுவுக்கும் கூப்பன்தான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. இருந்தும் எழுதிவிட்டேன்.

இடம்: நகரி
நாள்: 11.08.2025

இப்படிக்குத் தங்கள் பதிலை எதிர்பார்க்கத் துணிவில்லாத,
(ஒப்பம்) ஆ. கோவர்த்தனன்,
ஸ்ரீஹரியின் தந்தை