பாத்தி நீர் நாற்பத்து நான்கு

ஏப்ரல் 7, 2064. காலை 6.10
எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில், போன தையில்தான் பேனா பிடித்தேன். என் பெயர் காத்தமுத்து. வேதாரண்யம் உப்பளத்தில் வேலை. நானே எழுதுகிறேன் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.
ஈரல் கட்டிக்கு முதல் ஊசி. ஆளில்லாத ஊசிக் கூண்டு போட்டது. கொழுப்பால் ஆன பொடிக் குமிழிகளுக்குள் மருந்து இருக்கிறதாம். ஈரல்மேல் கட்டிய பட்டை சூடேறும். நாற்பத்தொரு டிகிரியில், அங்கே மட்டும் குமிழி உடையுமாம். ஊசி போட்ட பன்னிரண்டு மணி நேரத்தில் குமிழிகள் உடம்பில் தீர்ந்துவிடுமாம். வாராவாரம் ஊசி. நான் எழுதும் பக்கத்தைக் கூண்டு படமெடுத்து மருத்துவ மையத்துக்கு அனுப்பும்.
6.40. உப்புப் பாத்திக்குப் போகிறேன்.

ஏப்ரல் 14. மாலை 5.30
காலையில் இரண்டாம் ஊசி. உள்ளங்கையும் பாதமும் எரிகின்றன.
மையம்: "ஐயா, வெயிலில் நிற்காதீர்கள்."
உப்பை நிழலிலா விளைவிப்பது?

ஏப்ரல் 21. பகல் 12.15
மூன்றாம் ஊசி. கைத்தோல் உரிகிறது. கட்டி குறையவில்லை என்கிறது கூண்டு.
கூண்டில் தொங்கும் வெப்பமானியை எடுத்துப்போய்ப் பாத்தி நீரில் விட்டேன். டிகிரியை நானே படித்தேன். 44. அதில்தான் நாள் முழுக்கக் காலும் கையும். ஈரலுக்கு வந்த மருந்து என் கையில் கொட்டிவிட்டது. பட்டையின் சூட்டை அளந்தவர்கள் பாத்தியை அளக்கவில்லை. ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை.
ஊசியை மாலைக்கு மாற்றுங்கள். விடிந்து பாத்தியில் இறங்குவதற்குள் குமிழி தீர்ந்திருக்கும்.

ஏப்ரல் 22. காலை 7.00
மையம்: "21ஆம் தேதிக் குறிப்பு வாசிக்க முடியாத கையெழுத்து. நிராகரிக்கப்பட்டது. ஊசிக்குப் புதிய நபர் அஞ்சம்மாள், 28 காலை 6 மணி."
கையை எரித்தவர்களே எழுத்து சரியில்லை என்கிறார்கள்.
அஞ்சம்மாள் பக்கத்துப் பாத்திக்காரி, அவளுக்கும் ஈரல் கட்டி. எடுத்துச் சொன்னேன். அவள்: "நாலு எழுத்து கத்துக்கிட்டு டாக்டருக்கே பாடம் எடுக்கிறியா பெருசு? கட்டி என்ன உன்னக் கேட்டா வளருது?"

ஏப்ரல் 28. காலை 5.50
கூண்டுக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன். வலது கை மடங்கவில்லை. இடது கையால் எழுதுகிறேன். ஓர் எழுத்துக்கு ஒரு மூச்சு.
கூண்டு: "விலகவும். தடுத்தால் இருவர் பெயரும் நீக்கப்படும்."
அஞ்சம்மாள் வந்துவிட்டாள். "எந்திரி பெருசு, நேரமாவுது."
எழவில்லை. கையை விரித்துக் காட்டினேன். அஞ்சம்மாள் குனிந்து உரிந்த தோலைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில், கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள்.
"எழுது. பெருசா எழுது. கண்ணு தெரியாதவனுக்கும் தெரியட்டும்."

பாத்தி நீர் 44.
ஊசி மாலையில்.
பாத்தி நீர் 44.
ஊசி மாலையில்.
அடுத்த வாரமும் இதையே எழுதுவேன், நீங்கள் படிக்கிறவரை