கீழ்க்குரல் மட்டும்

பிரியமான தேவராஜ் அண்ணாச்சி,

மங்கோலியா நாட்டு ஆட்கள் தொண்டைக்குள்ளேயே உருட்டிப் பாடுகிற பாட்டு ஒன்று போன வாரம் கிடைத்தது. ராஜபாளையம் பஸ்ஸில் வரும்போது கேட்டேன். உங்கள் காதுக்கு இது நிச்சயம் ஏறியிருக்கும். ஆனால் முடிவதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். நீங்கள் போனதிலிருந்து எந்தப் பாட்டையும் நான் முடிய விடுவதில்லை. ஏன் என்று நீங்களாவது சொல்ல மாட்டீர்களா?

மில்லில் ஸ்பின்னிங் மெஷின் சத்தத்திலேயே காலம் கழித்த காது உங்களுடையது. புல்லாங்குழல் கேட்காது, பெண்குரல் கேட்காது, கட்டிய மனைவி செல்வி அக்கா கூப்பிடுவதே பாதிதான் விழும். மிச்சம் இருந்தது கனமான அடிச்சத்தம் மட்டும். அதே மில்லின் ஆபீசில் இருந்த நான் உங்களுக்காகவே பாட்டுத் தேட ஆரம்பித்தேன். தவில், மிருதங்கத்தின் இடது பக்கம், வெளிநாட்டு செல்லோ வாத்தியம். ஷிப்ட் முடிந்ததும் எதிர் டீக்கடையில் என் சின்ன ஸ்பீக்கரை, அதிர்வு எலும்பில் ஏறும்படி தாடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு கண்ணை மூடுவீர்கள். "நல்லாருக்கு தம்பி" என்பீர்கள். எதைப் போட்டாலும் அதே பதில்தான்.

ஒரு மார்கழியில் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் பெண்கள் பாடியதைப் பதிவு செய்து, பெண்குரல் உங்களுக்கு எட்டாது என்பதையே மறந்து ஆசையாகக் கொண்டுவந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பின்னால யாரோ கதவச் சாத்துதான். அது நல்லாக் கேக்கு" என்றீர்கள். டீ சிந்தச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கேட்பதே கொஞ்சம், அதுவும் முடிந்துபோகிறதே என்றேன்.

"முடிஞ்சாத்தான் தம்பி பாட்டு. முடியாம ஓடுனா அது மெஷினு."

உங்கள் அடக்கத்தன்று சர்ச்சில் பாட்டு உச்ச ஸ்தாயியில் போனது. எல்லாரும் அழுதார்கள். நான் கடைசி பெஞ்சில் கோபத்தோடு நின்றேன். இதில் ஒரு சுரம்கூட அண்ணாச்சிக்குப் போய்ச் சேராதே! யாரிடம் சொல்ல முடியும்? நான் நாமம் போட்ட வீட்டுக்காரன், அது உங்கள் கோயில். வருஷம் முழுக்க அது நெஞ்சில் கிடந்து உறுத்தியது.

போன ஞாயிறு உங்கள் முதலாண்டு நினைவு ஆராதனை. என்ன பாட்டு வைக்கலாம் என்று அக்கா கேட்டபோது கூச்சத்தை விட்டுச் சொல்லிவிட்டேன், மெட்டுக்கு அடியில் ஓடும் ஆண்களின் கீழ்க்குரலை மட்டும் பாடச் சொல்லுங்கள் என்று. பாடகர் குழுத் தலைவர் தயங்கினார்.

"அது மட்டும் பாடுனா என்ன பாட்டுன்னே தெரியாதும்மா."

"அவியளுக்கு அம்புட்டுதான் கேக்கும்" என்றார் அக்கா. "பாடுங்க."

பாடினார்கள். மெட்டே இல்லை அண்ணாச்சி. ஒரே சுரத்தில் நெடுநேரம் நின்று, ஒரு படி இறங்கி, மறுபடி நின்றது. சபையில் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் தேடித் தேடிக் கொடுத்ததெல்லாம் உங்களுக்கு இப்படித்தான் கேட்டதா? இவ்வளவு கொஞ்சத்தையா கண்ணை மூடி, நல்லாருக்கு என்றீர்கள்?

இரண்டாம் சரணத்தில் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அக்கா மட்டும் பாடவில்லை. தாடையில் கை வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்தது. நிறுத்த அங்கே எனக்குப் பொத்தான் இல்லை. முழுசாக முடிந்தது, நான் அழுதேன்.

"நல்லாருந்துச்சு தம்பி" என்றார் அக்கா, வாசலில்.

இனி எந்தப் பாட்டையும் பாதியில் நிறுத்த மாட்டேன் அண்ணாச்சி. இன்றைக்குத் திரும்பும்போது அந்த மங்கோலியாக்காரர்களை ஸ்பீக்கரில் போட்டு, தாடையோடு ஒட்டிவைத்து, முடிகிற வரைக்கும் கேட்பேன். பஸ்ஸில் யார் பார்த்தால் என்ன?

வேறு தாய் பெற்ற உங்கள் தம்பி,
ரெங்கராஜன்